ஒன்பது ஓட்டு

எங்கள் குடும்பத்தில் என் வயதுக்காரர்களிலும் எனக்குப் பின்னால் பிறந்தவர்களிலும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவன் ஒரே ஒருவன்தான். என் சித்தி மகன். வரிச்சிக்குடியில் பிறந்து, காரைக்காலில் படித்து வளர்ந்தவன். அவன் ஓட்டுப் போட்ட ஊர் இங்கிலாந்தில் உள்ள லெஸ்டர்.

முதுகலை படிக்கப் போயிருந்தான். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் ஒருவர் முறையான அனுமதியோடு பிரிட்டனில் தங்கியிருந்தால் அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். மாணவர் விசாவே போதும். இந்த விஷயம் அங்கே போகிறவரை அவனுக்கே தெரியாது, கூடத் தங்கியிருந்த பையன் சொல்லித்தான் பதிந்திருக்கிறான். 2023 மே 4ஆம் தேதி தேர்தல். புகைப்பட அடையாள அட்டையோடுதான் வாக்குச்சாவடிக்கு வரவேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் முதன்முறையாக அமலானதும் அன்றைக்குத்தான். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் செல்லும். நம்முடைய நீல அட்டைப் பாஸ்போர்ட்டைக் காட்டி, சீட்டை வாங்கி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்திருக்கிறான். அன்று ராத்திரி அவன் அனுப்பிய குரல் பதிவில் ஒரே ஆச்சரியம்: “பென்சில்ண்ணே! எவனாச்சும் ரப்பர் வச்சு அழிச்சா என்னா பண்ணுவாங்க?”

மறுநாள் எண்ணினார்கள். 54 இடங்களில் லேபர் கட்சிக்கு 31, கன்சர்வேடிவுக்கு 17, பசுமைக் கட்சிக்கும் லிபரல் டெமாக்ரட்டுக்கும் தலா 3. அதற்கு முந்தைய 2019 தேர்தலில் லேபர் பிடித்தது 53. நாடு முழுக்க கன்சர்வேடிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை இழந்துகொண்டிருந்த அதே நாளில், லெஸ்டரில் மட்டும் அது 17 இடம் பிடித்தது. லேபர் கட்சி தன் பழைய உறுப்பினர்கள் பலருக்கு மறுபடி சீட்டுக் கொடுக்காதது, முந்தைய வருடம் ஊருக்குள் நடந்த மதக் கலவரம், அதில் யார் யாருக்கு யார் மேல் கோபம் என்று அவன் நிறையக் காரணங்கள் சொன்னான். எனக்கு அந்த அரசியல் முழுக்கப் பிடிபடவில்லை. ஆனால் அவன் அனுப்பிய ஒரு படம் கண்ணிலேயே நின்றது. அவனுடைய வார்டின் முடிவுப் பட்டியல். ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் எல்லார் பெயரும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண்.

“தோத்தவன் பேருக்கு எதுத்தாப்லயும் நம்பர் போட்டுருக்காங்க பாருண்ணே” என்றான். பிறகு கேட்டான்: “ஆமா, நம்ம ஊர்ல இது கடைசியா எப்ப நடந்துச்சு?”

2006. அப்போது அவனுக்கு ஏழு வயது.

*

வரிச்சிக்குடி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில், கோட்டுச்சேரி பக்கம், காவிரியின் கடைமடை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் பகுதிக்குள் வருகிறது, கோட்டுச்சேரி கொம்யூன். புதுச்சேரி நகரம் இங்கிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாடு வண்டியில் போனால் கொஞ்ச நேரம்தான். வடக்கே பூவம் தாண்டி நண்டலாறு பாலத்தில் ஏறி இறங்கினால் பொறையார். சாராயத்தின் விலையும் பெட்ரோலின் விலையும் அந்தப் பாலத்தில் மாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாலத்தில் மாறுகிற இன்னொரு விஷயத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல். நடுவே 38 ஆண்டுகள். 1993இல் அரசமைப்புச் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் அமலுக்கு வந்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம் என்று ஆன பிறகும், இங்கே 13 வருடம் தள்ளித்தான், அதுவும் நீதிமன்றம் போய்த்தான், நடந்தது. 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள். ஜெயித்தவர்களின் காலம் 2011 ஜூலையில் முடிந்தது. அதற்கப்புறம் இதை எழுதுகிறவரை தேர்தல் இல்லை.

எனக்கு 18 வயது நிறைந்தது 2010இல். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தவறாமல் ஓட்டுப் போட்டிருக்கிறேன். என் தெருவுக்கு யார் உறுப்பினர் என்று தீர்மானிக்கிற சீட்டு மட்டும் என் கைக்கு வந்ததே இல்லை. காரைக்காலில் 35 வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

*

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவோடு நாம் சேர்ந்ததே உள்ளாட்சி உறுப்பினர்களின் ஓட்டால்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் 1880இல் ஓர் ஆணை போட்டு இங்கே கொம்யூன்களை உண்டாக்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை, அதற்கு ஒரு மேர். காரைக்கால் பகுதிக்கு முதலில் மூன்று கொம்யூன்கள். 1907இல் ஆறாக்கினார்கள், கோட்டுச்சேரி அதில் ஒன்று. அந்தக் காலத் தேர்தல்களைப் பற்றிப் பெருமைப்பட அதிகம் இல்லை. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல் என்று ஓட்டின் எடையையே தோலுக்குத் தக்கபடி வைத்திருந்தார்கள். பெரிய மனுசர்கள் ஆள் வைத்து அடித்து ஓட்டுப் பெட்டியைக் கைப்பற்றுவது சகஜம். கிழவர்கள் அந்தக் கதைகளை இன்றைக்கும் ரசித்துச் சொல்வார்கள்.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. எதிர்காலத்தை மக்களே தீர்மானிக்கட்டும், எப்போது எப்படி என்பதை நகரசபைகள் முடிவுசெய்யட்டும் என்பது ஏற்பாடு. அதற்காகவே அந்த வருடம் அக்டோபரில் நகரசபைத் தேர்தல் வைத்தார்கள். முறைகேடு, அடிதடி என்று புகார்கள் குவிந்தன. மாஹேயில் ஐ.கே. குமரன் மாஸ்டர் தலைமையில் மகாஜன சபையினர் நிர்வாகத்தையே சில நாள் கைப்பற்றிக்கொண்டார்கள். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரான்சுக்கு ஆதரவாக இருந்த சோஷலிஸ்டுகள் ஜெயித்தார்கள். ஆறு வருடம் கழித்து, 1954 மார்ச்சில், அதே கட்சியின் மேர்களே இந்தியாவோடு சேரவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த வருடம் அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். சேரலாம் என்று 170. வேண்டாம் என்று 8.

எங்கள் மண்ணின் மிகப் பெரிய தேர்தல் முடிவு இந்த 170க்கு 8தான். ஒவ்வொரு ஆகஸ்ட் 16ஆம் தேதியும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி அந்த 178 பேரையும் நினைவுகூர்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் இப்போது காலி.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. பழைய நகராட்சிக் கட்டடம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே அச்சில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். வெள்ளைத் தூண்கள், அழகான கட்டடம். போகிறவர்கள் எல்லாம் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். மேரி வந்துவிட்டது, மேர்தான் வரவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. பாரிஸ் பக்கம் குடியேறியவர்கள் ஆறு வருடத்துக்கு ஒருதரம் தங்கள் ஊர் மேரியில் போய் ஓட்டுப் போடுகிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊர் வரும்போது அதைச் சாதாரணமாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். கொம்யூன் என்ற சொல்லை நமக்குக் கொடுத்துவிட்டு அதற்குள் இருந்த சாமானை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டாற்போல் இருக்கும்.

*

2006இல் எனக்கு 14 வயது. அந்தத் தேர்தலில் என் பெரியம்மா நின்றார்.

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டிருந்தவர். தெருவில் எல்லாப் பெண்களின் ரவிக்கை அளவும் அவரிடம் நோட்டில் இருந்தது. “அளவு நோட்டு வச்சிருக்கவளுக்கு ஓட்டுப் பட்டியலு என்னாத்துக்கு” என்று பெரியப்பா கிண்டல் செய்வார். எதிரே நின்றவர் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஓர் அக்கா. மூன்றாவதாக ஒருவர் பெயருக்கு நின்றார்.

கிராமப் பஞ்சாயத்து வார்டு என்பது மிகச் சின்ன உலகம். இரண்டு மூன்று தெருக்கள், சில நூறு ஓட்டு. சட்டமன்றத் தேர்தலில் கட்சிக்குப் போடுகிறோம். இதில் முகத்துக்குப் போடுகிறோம். யார் வீட்டில் எத்தனை ஓட்டு, யார் மாமியாருக்குத் தெரியாமல் மாற்றிப் போடுவார் என்பது வரைக்கும் கணக்கு உண்டு. முடிவு வந்தபோது அந்த அக்காவுக்கு 131. பெரியம்மாவுக்கு 122. ஒன்பது ஓட்டில் தோற்றுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ‘அந்த ஒன்பது யார்’ என்ற விசாரணை ஒரு மாதம் நடந்தது. பிறகு பெரியம்மா ஒரு காரியம் செய்தார். அளவு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதினார்: ‘மாரியம்மன் கோயில் முனை, விளக்கு எரியலை.’ அடுத்த வரியில், ‘கிழக்குத் தெரு மதகு, மண்ணு அடைச்சிருக்கு.’ விளக்கு எரிந்த அன்றைக்கு அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

நான் கேட்டேன்: “நீங்கதான் தோத்துட்டீங்களே பெரியம்மா, ஒங்களுக்கு எதுக்கு இது?”

“தோத்தேன்டா. ஆனா நூத்தி இருவத்திரண்டு பேரு எனக்குப் போட்டுருக்கான்ல. அவன் வந்து கேப்பான்ல.”

கேட்கத்தான் செய்தார்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் குழாயில் தண்ணி வராததையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மா அதை எழுதிக்கொண்டு, சாயங்காலம் அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நிற்பார். முதல் வருடம் இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சே இல்லை. இரண்டாம் வருடம் அந்த அக்காவே வர ஆரம்பித்தார்: “அக்கா, குழாய்க்கு எழுதியிருக்கேன். அவங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. உங்க நோட்டுல போட்டுக்கங்க.” நோட்டுக்குப் பயம். நோட்டுக்குப் பின்னால் இருந்த 122க்கும் பயம். ஒன்பது ஓட்டு என்பது இரண்டு குடும்பம். அடுத்த தேர்தலில் இரண்டு குடும்பம் அந்தப் பக்கம் போனால் கதை முடிந்தது என்று அந்த அக்காவுக்குத் தெரியும்.

அந்த ஐந்து வருடத்தில் எங்கள் தெரு சிங்கப்பூர் ஆகிவிடவில்லை. மதகு இரண்டு முறை தூர் வாரினார்கள். விளக்குகள் பெரும்பாலும் எரிந்தன. ஒரு தெருவுக்குச் சிமென்ட் போட்டார்கள், இன்னொரு தெருவுக்குப் போடவில்லை, அதைப் பற்றி ஒரு சண்டையும் வந்தது. அவ்வளவுதான். ஆனால் யாரிடம் கேட்பது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர் செய்யாவிட்டால் யாரிடம் சொல்வது என்பதும் தெரிந்திருந்தது.

தேர்தல் முடிவு என்றால் ஜெயித்தவரைப் பற்றிய செய்தி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அது தோற்றவரை உண்டாக்கியது. ஜெயித்தவருக்கு அதிகாரம் கிடைத்தது. தோற்றவருக்கு ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் ஐந்து வருடம் கேள்வி கேட்டார்.

2011 ஜூலையில் காலம் முடிந்தது. நோட்டில் இன்னும் சில பக்கங்கள் மிச்சம் இருந்தன.

*

அதற்கப்புறம் நிர்வாகம் அதிகாரிகள் கையில். அதிகாரிகளில் நல்லவர் உண்டு, அல்லாதவர் உண்டு. நான் ஒரு தடவை எங்கள் தெரு மதகுக்காக ஓர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டு, எழுதிக்கொண்டார். மதகு எந்தப் பக்கம் என்று வரைந்து காட்டச் சொன்னார். அடுத்த மாதம் போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் மேல் தப்பில்லை. மாற்றலாகிப் போகிறவர் அந்த வாய்க்காலில் கால் வைத்து வீடு போகப் போகிறவர் இல்லை. வார்டு உறுப்பினருக்கு மாற்றல் கிடையாது. அவர் வீட்டு வாசலிலும் அதே தண்ணிதான் நிற்கும்.

ஆகவே எல்லாம் சட்டமன்ற உறுப்பினர் தலையில் விழுந்தது. முன்பு கோட்டுச்சேரி என்றே ஒரு தொகுதி இருந்தது. இப்போது நாங்கள் நெடுங்காடு தொகுதி. சட்டம் இயற்றுவதற்காகப் போன மனிதரிடம் பல்பு கேட்கிறோம். அவருக்கும் அது ஒருவகையில் வசதி. பல்பு போட்டவர் என்ற நன்றி அவருக்கே வரும். புதுச்சேரியில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உள்ளாட்சித் தேர்தலில் அவசரம் காட்டாததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இதில் அதிகம் இழந்தது பெண்கள். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்பது அரசமைப்பு கொடுத்தது. 2006இல் அதனால்தான் பெரியம்மாவும் அந்த அக்காவும் நின்றார்கள். தேர்தலே இல்லை என்றால் அந்தப் பங்கும் இல்லை. 2021இல் புதுச்சேரி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் பெண் ஒரே ஒருவர். அவர் எங்கள் நெடுங்காடு தொகுதியில் ஜெயித்த சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரிக்கு வாய்த்த பெண் அமைச்சர். 2023 அக்டோபரில், சாதியாலும் பாலினத்தாலும் தாக்கப்படுவதாகச் சொல்லி, பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, “ஒத்த ஆளா இருந்தா அப்புடித்தான். நாங்க நின்னப்ப ஊருக்கு நாலு பொம்பள இருந்தோம்” என்றார்.

ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். மீனவ ஊர்களில் அது வலுவாகவே இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது காரைக்கால் கடற்கரையில் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். அப்போதும் எங்களுக்குத் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி இல்லை. அந்த ஊர்ப் பஞ்சாயத்துகள்தான் பிணம் எடுத்தன, நிவாரணத்துக்குப் பட்டியல் எழுதின. அந்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்லமுடியாது. ஆனால் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தது ஆண்கள் மட்டுமே. பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று ஒரு விதவை போய்க் கேட்கவேண்டும் என்றால் கேட்கலாம், ஓட்டுப் போட்டு மாற்றமுடியாது.

*

2021 செப்டம்பரில் தேர்தல் வருகிறது என்றார்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் அக்டோபரில் மூன்று கட்டமாக என்று தேதியே அறிவித்தது. தெருவில் ஆட்கள் பழைய வார்டு எண்ணைத் தேடினார்கள். இடையில் வார்டுகளைத் திரும்பப் பிரித்திருந்தார்கள், எந்தத் தெரு எதில் வருகிறது என்று குழப்பம். இரண்டு சுவருக்கு வெள்ளையடித்து ‘ரிசர்வ்’ என்று எழுதிவைத்தார்கள்.

பிறகு இடஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு. அறிவிப்பைத் திரும்பப் பெற்று, பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வைத்திருந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, நவம்பருக்கு வேறு தேதி அறிவித்தார்கள். அதை எதிர்த்து திமுக வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் நின்றது. உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு தரவேண்டும் என்றால் முதலில் ஓர் ஆணையம் வைத்துக் கணக்கெடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த வருடம் மார்ச்சில்தான் மகாராஷ்டிர வழக்கில் மறுபடி வலியுறுத்தியிருந்தது. இங்கே அந்தக் கணக்கு அப்போது கையில் இல்லை. ஆணையம் அமைத்தார்கள். வருடங்கள் ஓடுகின்றன.

ஒதுக்கீட்டை எடுத்துவிட்டுத் தேர்தல் நடத்துவது சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் வந்ததே 2016இல்தான். முதல்முறையாக ஒரு நாற்காலி அவர்களுக்கென்று வரப்போன நேரத்தில் அதை எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கிற ஒவ்வொரு வருடமும் இருளருக்கும் நாற்காலி இல்லை, பிற்படுத்தப்பட்டோருக்கும் இல்லை, பெண்களுக்கும் இல்லை. நியாயமான காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் தாமதத்துக்கு ஆயுசு கூடிவிடுகிறது.

அந்த வெள்ளையடித்த சுவரில் இப்போது டியூஷன் விளம்பரம் இருக்கிறது.

*

2022 பிப்ரவரி 22. நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை. ஒரு வேலையாகப் பொறையார் போயிருந்தேன். அது தரங்கம்பாடி பேரூராட்சிக்குள் வருகிறது. கடைத்தெருவில் ஒவ்வொரு வார்டு முடிவுக்கும் ஒரு சரவெடி. தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளையும் திமுக கூட்டணி அள்ளியது என்று டீக்கடை டிவி சொல்லிக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பேச்செல்லாம் எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை என்பதில் இருந்தது. தோற்ற வேட்பாளர் ஒருவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். “அடுத்த தடவ பாத்துக்கலாம்ணே.” அந்த ‘அடுத்த தடவை’ என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதற்கு நாலு மாதம் முன்னால், 2021 அக்டோபரில், கோவைப் பக்கம் குருடம்பாளையத்தில் ஒரு வார்டு வேட்பாளர் ஒரே ஒரு ஓட்டு வாங்கினார். நாடே சிரித்தது, மீம்ஸ் பறந்தன. அவருக்கும் அவர் வீட்டாருக்கும் ஓட்டே வேறு வார்டில் இருந்தது என்பது பிறகு வந்த செய்தி. நானும் சிரித்தேன். அப்புறம் அந்த ஒற்றை ஓட்டுப் போட்ட ஆளைப் பற்றி யோசித்தேன். அந்த ஆளுடைய விருப்பமும் எண்ணப்பட்டு, தாளில் ஏறி, உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கமும் பாலும் தேனும் ஓடவில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று ஆளுக்கு நாலு நிறச் சீட்டு. எண்ணி முடிக்க மறுநாள் வரை ஆனது. அந்த ஊராட்சிகளின் காலமும் 2025 ஜனவரி 5இல் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வியாதி பாலம் தாண்டப் பார்க்கிறது. ஒரு தேர்தலைத் தள்ளிப்போட்டால் பெரிதாக யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஆள்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அதைக் கற்றுக்கொள்ள ஆற்றங்கரை ஒரு தடையே இல்லை.

“இல்லாதவரைக்கும் நிம்மதி தம்பி” என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். “தேர்தல் வந்தா அண்ணன் தம்பி பேச மாட்டான். ஓட்டுக்கு ஐநூறு ஆயிரம்னு குடுப்பான். ஜெயிச்சவன் அதை எடுக்கத்தான் பாப்பான்.” அவர் சொல்வதில் பொய் இல்லை. லெஸ்டரிலும் அந்தத் தேர்தல் ஊரின் காயத்தைக் கிளறித்தான் விட்டது என்று தம்பி சொன்னான். ஆனால் 53 இடம் வைத்திருந்த கட்சி ஒரே நாளில் 22 இடத்தை இழக்கமுடிந்தது. கோபம் எண்ணாக மாறி, சபையில் உட்கார்ந்தது. எங்கள் கோபம் மனுவாக மாறி, ஃபைலுக்குள் போகிறது. பெரியவர் சொல்கிற சண்டை தேர்தல் இல்லாததால் தீர்ந்துவிடவில்லை. எது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கிற நாள்தான் இல்லாமல் போனது.

*

போன மழைக்காலத்தில் கிழக்குத் தெரு மதகு உள்வாங்கிவிட்டது. பெரியம்மாவும் அந்த அக்காவும் சேர்ந்து மனு எழுத என்னிடம் வந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பெரியம்மாவுக்குக் கண் புரை, மிஷினை விற்றுவிட்டார். அந்த அக்கா மருமகள்மார் தொல்லையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் தாளை எடுத்து ‘அனுப்புநர்’ என்று எழுதினேன்.

“என் பேருக்குக் கீழ ‘முன்னாள் வார்டு உறுப்பினர்’னு போடு தம்பி. அப்பதான் மதிப்பான்” என்றார் அந்த அக்கா. போட்டேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் என்னான்னு போடுறது?”

அந்த அக்கா யோசிக்கவே இல்லை. “எதிர்த்து நின்னவங்கன்னு போடச் சொல்லுங்கக்கா. நூத்தி இருவத்திரண்டு ஓட்டுன்னும் சேத்துப் போடு தம்பி.”

அப்படியே எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.